மொட்டைத் தலையோடு மொரிசியஸ்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பால் எத்தனை பாக்கெட், எந்த அறையில் பல்பு எரியவில்லை என்கிற துண்டுச் சீட்டுகள்தான். சின்ன ர எங்கே போட வேண்டும், பெரிய ற எங்கே போட வேண்டும் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. பிழை இருக்கும் இடத்தில் படிக்கிறவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது கொடைக்கானலில், ஏரிக்கு மேலே ஏறிப் போகும் சாலையில் உள்ள ஒரு சின்ன விடுதியில். தோட்டம், வெந்நீர், விறகு, அறை சுத்தம் எல்லாம் என் பொறுப்பு. பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி ஓரத்தில் ஓர் அறை இருக்கிறது. அதற்கு எங்களுக்குள் ஹனிமூன் ரூம் என்று பெயர். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் வந்தால் கட்டிலில் ரோஜா இதழைப் பரப்ப வேண்டும். துண்டுகளை மடித்து இரண்டு அன்னம் செய்து மூக்கோடு மூக்கு வைத்து நிறுத்த வேண்டும். அன்னம் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். என் கைக்கு வாத்துதான் வரும்.

எனக்குக் கல்யாணம் ஆகாமலே பல வருடம் இந்த வேலையைச் செய்தேன். சாயங்காலம் சமையல்கட்டில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து டீ குடிக்கும்போது எங்கள் சமையல்கார அண்ணன் வந்திருக்கும் ஜோடிகளைப் பற்றி ஏதாவது சொல்லுவார். "அந்தப் புள்ள குளுருல வெறச்சுப் போயி நிக்குது. மாப்பிள்ள என்னடான்னா அதுக்கு ஸ்வெட்டர் எடுத்துக் குடுக்காம செல்பி எடுத்துக்கிட்டுக் கெடக்கான்" என்பார். எல்லோரும் சிரிப்போம். கெட்ட சிரிப்பு இல்லை. இருந்தாலும் சிரிப்புதான். ஹனிமூன் வந்தவர்களை விடுதியில் வேலை செய்கிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பின்னால் நடந்ததற்கு இது தேவை என்பதால் சொல்கிறேன்.

போன ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆனது. எனக்கு வயது நாற்பத்தாறு, அவளுக்கு நாற்பத்தொன்று. அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, கப்பல் ஏறித் திரும்பி வந்தவர்கள். இங்கே மலையில் ஓர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவள் பிறந்தது இங்கேதான். ஆனாலும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்லுவாள். அப்பா அம்மா இருவரும் சீக்கிரமே போய்விட்டார்கள். கையில் ஒரு தம்பி. அவனுக்கு அப்போது பால்பல்கூட விழவில்லையாம். பள்ளிக்கூட விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்துக்கொண்டே அவனை வளர்த்தாள், கேக் செய்யும் படிப்புப் படிக்க வைத்தாள், வெளிநாட்டுக்கு அனுப்பினாள். அதற்குள் அவளுக்குக் கல்யாண வயது தாண்டிவிட்டது. எனக்குத் தாண்டியதற்கு அப்படிப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். ஊமை என்று நினைத்துவிடுவார்கள்.

எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது சமையல்கார அண்ணன்தான். பழனி அடிவாரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் தாலி கட்டினேன். அவள் தம்பி வரவில்லை. மொரிசியஸ் தீவில் ஒரு பெரிய ரிசார்ட்டில் கேக் செய்கிற வேலை அவனுக்கு. லீவு கொடுக்கவில்லை. அதற்கு முன்னால் கொரோனா, அதற்கும் முன்னால் வேறொரு நாடு என்று ஏழெட்டு வருடமாகவே அவன் ஊர்ப் பக்கம் வந்ததில்லை. தாலி கட்டும்போது யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அதில் அவன் முகம் தெரிந்தது. மாலையோடு அவள் அந்தப் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என் பக்கம் திரும்பாதது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே அவன் மறுபடி கூப்பிட்டான்.

"அக்கா, மாமாவக் கூட்டிக்கிட்டு இங்க வா. ஹனிமூனு. இங்க வேல பாக்குறவங்க வீட்டாளுகளுக்கு ஒரு தடவ ரூம் குடுப்பாங்க. எனக்கு இன்னும் அது அப்படியே கெடக்கு. டிக்கெட்டும் நான் பாத்துக்கிறேன்."

"எலே, இந்த வயசுல என்னடா ஹனிமூனு" என்றாள் அவள். ஆனால் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வயசப் பாக்காத. மாசிக்குள்ள வந்துரு. பங்குனியில என்னையக் கப்பல் வேலைக்கு எடுத்துக்கிறாங்க. இங்கயிருந்தே நேரா ஏறணும். அதுக்கப்புறம் நான் எந்தக் கடல்ல இருப்பேன்னு எனக்கே தெரியாது."

அவள் போனை என்னிடம் கொடுத்தாள். "மாமா, வருவீங்கல்ல?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். வீடியோ இல்லாத கால் அது. "மாமா? மாமா இருக்கீங்களா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள்தான் போனை வாங்கி, "சரிங்கிறாருடா" என்றாள்.

அப்படித்தான் முடிவானது. அவளுக்கு அது தம்பியைப் பார்க்கும் பயணம். எனக்கு அது ஹனிமூன். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் காது சூடாகிவிடும். அங்கேயும் என்னைப் போல ஒருவன் இருப்பான், துண்டில் வாத்து செய்து வைப்பான், பிறகு சமையல்கட்டுக்குப் போய் இந்தக் கிழட்டு மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லுவான், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சமையல்கட்டில் என் மச்சினனும் நின்றுகொண்டிருப்பான். இதையெல்லாம் நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. பாஸ்போர்ட் வராமல் போய்விட்டால் நல்லது என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. மதுரைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டோம். எனக்கு அப்போது காதை மூடும் அளவுக்கு முடி, இளவட்டத்திலிருந்து எடுக்காத மீசை. படம் எடுத்த பெண், "சிரிக்காதீங்க சார்" என்றாள். நான் சிரிக்கவே இல்லை. என் வீட்டுக்காரிக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. காது தெரிய வேண்டும் என்று சொன்னதால் அதை இழுத்துப் பின்னால் கொண்டை போட்டாள். போலீஸ்காரர் வீட்டுக்கு விசாரிக்க வந்தபோது சமையல்கார அண்ணன்தான் பதில் சொன்னார். "இவரு மேல கேஸு ஒண்ணும் இல்ல சார். பேசாததுதான் ஒரே குத்தம்."

அண்ணனுடைய கிண்டல் அன்றிலிருந்து ஓயவே இல்லை. நான் விறகு கொண்டுபோய்ப் போட்டால், "புது மாப்பிள்ள விறகு தூக்கலாமா? வெயில்ல கறுத்துப் போனா அங்க வெள்ளக்காரி என்ன நெனப்பா" என்பார். கொடைக்கானலில் அந்த மாதம் வெயிலே கிடையாது. முதலாளியம்மா மட்டும் கிண்டல் செய்யவில்லை. "சீசனுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுங்க. பீச்சுக்கு ஷார்ட்ஸ் வேணும், சன் க்ரீம் வேணும். ஸ்வெட்டரைத் தூக்கிட்டுப் போகாதீங்க" என்று லீவு கொடுத்தார்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு கடையில் அரைக்கால் டிராயர் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்போட்டுக்கொண்டு போட்டுப் பார்த்தேன். மலைக்குளிரில் என் முழங்காலை நானே அதிகம் பார்த்ததில்லை. அவள் கதவைத் தட்டி, "நல்லாருக்கான்னு பாக்கணும்ல" என்றாள். நான் வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் டிராயரை வாங்கி மடித்துப் பையின் அடியில் வைத்தாள். அதற்கு மேலே ஸ்வெட்டர் இரண்டை வைத்தாள். முதலாளியம்மா சொன்னதை நான் சொன்னேன். "பிளேன்ல ஏசி போடுவாங்கங்க" என்றாள்.

பையில் பாதி இடம் தம்பிக்கு. பூண்டு ஊறுகாய், வறுத்து அரைத்த காபிப் பொடி, அவன் சின்ன வயதில் விரும்பிச் சாப்பிட்ட பொரிவிளங்காய் உருண்டை. ஒவ்வொரு நாளும் அதையெல்லாம் வெளியே எடுத்து மறுபடி அடுக்குவாள். அவள் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான், இந்தப் பயணம் நின்றுபோனால் நல்லது என்று நினைப்பதை நான் விட்டேன். எந்த நாள் என்று இப்போது நினைவில்லை.

இனிமேல்தான் எங்கள் தவறு வருகிறது. எங்கள் பக்கத்தில் யார் தூரப் பயணம் போனாலும் முதலில் பழனிக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். எனக்குக் கல்யாணம் ஆனால் மொட்டை போடுவதாக என் அம்மா என்றைக்கோ வேண்டிக்கொண்டிருந்தாள். அம்மா போய்விட்டாள், வேண்டுதல் பாக்கி. அதைத் தீர்க்காமல் கடல் தாண்டக் கூடாது என்று தோன்றியது. அவளும் பூமுடி கொடுப்பதாகச் சொன்னாள். பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். நுனியில் மூன்று கொத்து முடியைக் கத்தரித்து எடுப்பதோடு சரி. தைப்பூசக் கூட்டம் ஓயட்டும் என்று காத்திருந்து, கிளம்புவதற்கு முந்தைய வாரம் போனோம். வெள்ளனே பஸ் ஏறி மலையிலிருந்து இறங்கினோம். பாஸ்போர்ட்டைப் பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் நினைவே வரவில்லை. கிண்டல் செய்த அண்ணனுக்கும் வரவில்லை. லீவு கொடுத்த முதலாளியம்மாவுக்கும் வரவில்லை. பழனிக்குப் போகிறோம் என்று சொன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் "நல்லபடியா போயிட்டு வாங்க" என்றுதான் சொல்லுவார்கள்.

முடி எடுக்கும் மண்டபத்தில் அவள் பெண்கள் பக்கம் போனாள். எனக்கு முடி எடுத்தவர் கை வேகம். "மீசையும் சேத்துத்தானே?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மீசை போய்விட்டது. குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். காற்று தலையில் நேராகப் பட்டது. பெண்கள் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டை போட்ட ஒருத்தியைத் தேடினேன். மஞ்சள் சேலை கட்டிய ஒரு மொட்டைப் பெண் வந்து என் முன்னால் நின்றாள். வழி மறைக்கிறாளே என்று நான் ஒதுங்கி நின்று, அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

"யாரத் தேடுறீங்க?" என்றாள்.

அவளேதான். காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்தவள். அந்தச் சேலைகூட நான் கல்யாணத்துக்கு எடுத்ததுதான்.

"பூமுடின்னு சொன்ன?" என்றேன்.

"பூமுடின்னுதான் சொன்னேன். இது அதுக்கு முன்னாடியே வேண்டுனது. கொரோனாவுல தம்பி அங்க தனியாக் கெடந்தப்ப வேண்டுனேன். அவன் மூஞ்சிய நேருல பாக்க வழி காட்டுனா முழு முடியும் தாரேன்னு. உங்ககிட்ட மொதல்லயே சொன்னா வேண்டாம்பீங்களோன்னு…"

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. நானே இவளை அடையாளம் தெரியாமல் ஒதுங்கி நின்றேன். பாஸ்போர்ட்டில் இருக்கும் படத்தை வைத்துக்கொண்டு அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார்?

நான் அதை வாய்விட்டுச் சொன்னதும் அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாஸ்போர்ட்டின் படம் என் போனில் இருந்தது. இரண்டு பேரும் பார்த்தோம். அதில் இருந்தவன் மீசைக்காரன். அதில் இருந்தவள் வேறு யாரோ.

தரிசனம் முடித்தோம். சாமி முன்னால் நின்றபோது அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. திரும்பும் பஸ் மலை ஏறியது. பெருமாள்மலை வந்தபோது சொன்னாள். "எங்க அப்பாவ இலங்கையிலயிருந்து அனுப்பறப்போ நடந்த கத தெரியுமா? பேப்பர்ல ஒட்டுன படத்துல தாடி இல்ல. காத்துக் கெடந்ததுல தாடி வளந்து போச்சு. படத்துல இருக்கறது நீ இல்லன்னு ஒரு பகல் முழுக்க ஓரமா உக்கார வெச்சிட்டாங்க. எல்லாரும் கப்பல் ஏறிட்டாங்க. எங்க அம்மா மட்டும் ஏற மாட்டேன்னு நின்னுச்சு. அப்பா அதச் சொல்றப்பல்லாம் தாடியத் தடவிக்கிட்டே சொல்லும்." பிறகு மொட்டைத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நானும் அதே வேலையச் செஞ்சிட்டு வந்துருக்கேன் பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டாள். வீடியோ கால். திரையில் அவள் தலையைப் பார்த்ததும் அவன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"ஏக்கா, வர்ற வாரம் கெளம்பணும், இப்பப் போயா மொட்ட?"

"வேண்டுதல்டா."

"வந்துட்டுப் போயிக் குடுத்திருந்தா முருகன் வேண்டாம்னா சொல்லப் போறாரு?"

"உன்னப் பாக்கப் போறதுக்கு வழி காட்டிட்டாருல்ல. குடுக்காம எப்படிடா கெளம்புறது?"

அவன் தலையைச் சொறிந்தான். "சரி, ஒரு விக்கு வாங்கிப் போட்டுக்க. கவுண்டர் தாண்டுனதும் கழட்டிரலாம்."

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "பழனியில குடுத்த முடியத்தானடா ஏலம் எடுத்து விக்கு செய்யிறான். சாமிக்குக் குடுத்தத நானே திருப்பி வாங்கி மாட்டிக்கிட்டு உன்னப் பாக்க வரணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், பிறகு அழுதாள். போனில் அவன், "அழாதக்கா, விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் வேலைக்குப் போனேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, "யாருய்யா நீ, இங்க வேல பாத்த மீசக்காரன எங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். முதலாளியம்மா யார் யாருக்கோ போன் செய்தார். ஒருவர் புதுப் படத்தோடு பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டும் என்றாராம், அதற்கு நாள் இல்லை. இன்னொருவர் வக்கீலிடம் ஒரு தாள் எழுதி வாங்கினால் போதும் என்றாராம். மூன்றாவது ஆள், ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போகச் சொல்லுங்கள் என்றாராம். மூன்றாவது ஆள் சொன்னதைத்தான் நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் அவர் ஒருவர்தான் அப்படிச் சொன்னார்.

அந்த வாரம் முழுவதும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஊறுகாயை எடுத்து அடுக்குவதையும் நிறுத்திவிட்டாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. என்னை நிறுத்தினால் நான் சந்தோஷமாகத் திரும்பி வந்துவிடுவேன். அவளை நிறுத்தக் கூடாது. இரண்டு பேரில் ஒருவரைத்தான் விடுவோம் என்று சொன்னால் அவள் ஒருத்தியே போகட்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

பழனியிலிருந்து சென்னைக்கு ரயில். விமான நிலையத்துக்குள் நுழையும்போது நான் கொடைக்கானல் குல்லா போட்டிருந்தேன், அவள் சேலை முந்தானையைத் தலையில் போட்டு இழுத்துக் கட்டியிருந்தாள். பை போடுகிற இடத்தில் இருந்த பெண் எங்கள் முகத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. பையின் எடையைத்தான் பார்த்தாள். அது ஒரு கண்டம் தாண்டிய மாதிரி இருந்தது. அடுத்தது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற இடம். நீள வரிசை. அவள் என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து வெளியிடத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளவயது அதிகாரி. இரண்டு பேரையும் சேர்ந்தே வரச் சொன்னார். பாஸ்போர்ட்டைத் திறந்தார். என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

"குல்லாவ எடுங்க."

எடுத்தேன். அவளும் தானாகவே முந்தானையை இறக்கினாள். அதிகாரி எங்கள் இரண்டு தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பழனியா, திருப்பதியா?" என்றார்.

"பழனிங்க" என்றாள் அவள்.

"எங்க வீட்லயும் போன மாசம் போயிட்டு வந்தாங்க. கூட்டம் எப்படி?"

"பூசம் முடிஞ்சதால பரவால்லீங்க."

"முடிக்கு பயந்துதான் இப்படி நிக்கிறீங்களா? நாங்க கண்ணு, மூக்கு, காதப் பாப்போம்மா. தினம் எத்தன மொட்டை போவுது இந்த வழியா." அவளுடைய பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

என்னுடையதைக் கையில் எடுத்தவர் நிறுத்தினார். அவர் முகம் கொஞ்சம் மாறியது. பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில், வேலைக்குப் போகிறார்களா என்று விசாரிப்பதற்கென்று ஓர் அடையாளம் இருக்கும். அவளுடையதில் அது இல்லை, அவள் பத்தாவது முடித்தவள்.

"நீங்க வேலைக்குப் போறீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்பதற்குத்தான் ஆட்டினேன். எப்படி ஆட்டினேனோ தெரியவில்லை.

"வாயத் தொறந்து சொல்லுங்க. ஏஜெண்டு யாராவது அனுப்புறாங்களா? சுற்றுலான்னு சொல்லிட்டு வேலைக்குப் போயி மாட்டிக்கிறவங்க நெறையப் பேரு. நீங்க எதுக்குப் போறீங்க?"

"அவரு…" என்று அவள் ஆரம்பித்தாள்.

"அவரு சொல்லட்டும்மா."

அவள் கையில் முத்திரை குத்திய பாஸ்போர்ட் இருந்தது. அவள் போகலாம். நான் நின்றுவிடலாம். நான் நினைத்துவைத்திருந்த மாதிரியேதான் வந்து நின்றது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும், நான் இல்லாமல் இவள் போக மாட்டாள் என்று தெரிந்தது. அவளுடைய அம்மா கப்பல் ஏறாமல் நின்ற மாதிரி இவளும் இங்கேயே நிற்பாள். இவளுடைய தம்பி அங்கே காத்துக்கொண்டு நிற்பான்.

"ஹனிமூனுங்க" என்றேன்.

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். யாரோ ஒரு பெண் சிரித்தாள். அதிகாரி என் மொட்டைத் தலையை இன்னொரு தடவை பார்த்தார்.

"எப்ப கல்யாணம்?"

"ஆவணியிலங்க. எனக்கு லேட்டுங்க. அவங்களுக்கும் லேட்டு. அவங்க தம்பி அங்க கேக்கு செய்யிறான். அவனப் பாத்து ஏழெட்டு வருஷம் ஆச்சு. அவன்தான் கூப்புட்டான். பதினஞ்சு நாள்ல திரும்பிருவோம். எனக்கு இங்க கொடைக்கானல்ல வேல இருக்குங்க. சீசன் வருது, நான் போயே ஆகணும்."

அவ்வளவும் நான்தான் பேசினேன். ஒரே மூச்சில். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரிசார்ட்டிலிருந்து வந்த தாளையும் திரும்பும் டிக்கெட்டையும் அதிகாரியிடம் நீட்டினாள். அவர் அதைப் படித்தார். படிக்கும்போதே சிரித்துவிட்டார். நான் பயந்த சிரிப்புதான் அது, எங்கள் சமையல்கட்டில் நாங்கள் சிரிக்கிற அதே சிரிப்பு. கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

"நல்லபடியா போயிட்டு வாங்க" என்று முத்திரையைக் குத்தினார்.

அந்த இடத்தைத் தாண்டி இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தோம். அவள் கையோடு வைத்திருந்த சின்னப் பையைத் திறந்து ஒரு பொரிவிளங்காய் உருண்டையை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தாள். தம்பிக்கு என்று வைத்ததிலிருந்து எடுக்கிறாளே என்று பார்த்தேன். "அவனுக்கு நெறைய இருக்கு, சாப்புடுங்க" என்றாள். அந்த வாரத்தில் அவள் பசியோடு சாப்பிட்டதை அப்போதுதான் பார்த்தேன். மீதிப் பாதியைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் எடுத்தாள்.

விமானத்தில் ஏசி குளிரத்தான் செய்தது. கையோடு எடுத்து வந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டோம். ஜன்னல் வழியாகக் கீழே கடல் தெரிந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டாள். மொரிசியஸில் இறங்கியதும் அந்தப் பக்கத்து அதிகாரி எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார்.

வெளியே கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் நின்றிருந்தான். போனில் பார்த்ததைவிட உயரம். நான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். அவள் ஓடவில்லை. நடந்து போய் அவன் முன்னால் நின்று, இரண்டு கையாலும் அவன் கன்னத்தைப் பிடித்து முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"கேக்கு செய்யிற எடத்துல இருந்துகிட்டு ஏண்டா இப்படி மெலிஞ்சு கெடக்க?" என்றாள்.

அவன் குனிந்தான். அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். பயணிகள் எல்லோரும் இரண்டு பக்கமும் பிரிந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். நல்ல வெயில். ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

எழுதி முடித்தது: ஆவணி 14, ஞாயிற்றுக்கிழமை.